மேல்சரிவை நான் அளக்கவில்லை

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகும் வழியில் உள்ள ஒரு கிராமத்தில், நான் ஒரு சரிவைத் தவறாக அளந்தேன். தெரியாமல் நேர்ந்த பிழை அல்ல, தெரிந்தே செய்தது. அதை மறைப்பதற்காக, பிறகு ஒரு மழைக்காலக் காலையில் ஒரு பொய்யும் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு பெண் மண்ணுக்குள் புதைந்தார். எனக்கு இப்போது வயது எண்பதை நெருங்குகிறது. பலமுறை எழுத உட்கார்ந்து, எழுந்து போயிருக்கிறேன். இந்த முறை எழுதி முடித்துவிடுகிறேன்.

நான் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியனாக இருந்தவன். அந்தக் கிராமத்தை ஒட்டி ஒரு கருங்கல் குவாரி இருந்தது. நல்ல கல்லை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, உடைந்த கல்லையும் மண்ணையும் பக்கத்திலேயே கொட்டிக்கொண்டு வந்தார்கள். நாளடைவில் அது மலைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன மலையாக எழுந்துவிட்டது. ஒரு பக்கம் கல் தீர்ந்ததும், அந்தக் குவியலின் மேல் புல்லும் செடியும் வளர்த்து, ஊருக்கு மேய்ச்சல் நிலமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. குவாரி உரிமையாளர் யாரோ சொல்லி என்னைத் தேடி வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை கரும்பலகையில்தான் வேர் வரைந்துகொண்டிருந்தேன். இனி ஒரு மலைக்கே வேர் பிடிக்க வைக்கப் போகிறேன்!

கல்லின் மேல் மண் பரப்பச் சொன்னேன். கொழுக்கட்டைப் புல் விதை தூவினோம். இடையிடையே ஆவாரையும் கொழிஞ்சியும், தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடாமலிருக்கக் குறுக்கே வெட்டிவேரும் வைத்தோம். முதல் மழைக்கே சரிவு முழுவதும் பச்சையாகிவிட்டது. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஊரில் எனக்குப் 'புல்லு சாரு' என்று பெயர் விழுந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

நட்டது பிழைத்ததா என்று மூன்று வருடம் அளக்க வேண்டும். அதையும் நானே செய்துவிடுகிறேன் என்று உரிமையாளரிடம் சொன்னேன். பாடம் நடத்தியவனே மதிப்பெண்ணும் போடுவது சரியில்லை என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் வெளியிலிருந்து யாரோ வந்து என் புல்லுக்கு மதிப்பெண் போடுவதை என் மனம் ஏற்கவில்லை. பணம் இதில் ஒரு காரணமே அல்ல. கர்வம்தான்.

அளப்பது எப்படி என்று சொன்னால்தான் நான் செய்தது புரியும். ஒரு மீட்டர் சதுரத்தில் ஒரு மரச்சட்டம். அதில் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டியிருக்கும். அதைச் சரிவில் எறிய வேண்டும். விழுந்த இடத்தில் குனிந்து, நூலும் நூலும் சந்திக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் நேர் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்: புல்லா, சருகா, வெறும் மண்ணா, கல்லா. அடியில், நடுவில், உச்சியில் என்று சரிவு முழுக்க இப்படி எறிந்து பார்க்க வேண்டும். சில இடங்களில் ஒரு புல் தூரைப் பிடுங்கி, வேர் பரப்பிய மண்ணோடு நிற்கிறதா, கீழே கல் இடுக்குக்குள் இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எறியும்போது சரிவுக்கு முதுகைக் காட்டி, தோளுக்கு மேலே பின்பக்கமாக எறிய வேண்டும். இல்லாவிட்டால் கை தன்னாலேயே பச்சையாக இருக்கிற இடத்துக்குப் போகும். இதை மாணவர்களுக்குப் பல வருடம் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அந்தச் சட்டத்துக்கு நூல் கட்டித் தந்தவர் எங்கள் தெருவில் பட்டு நெய்கிறவர். சாதாரண நூல் கல்லில் உரசி அறுந்துவிடும் என்று, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் மிச்சமான முறுக்குப் பட்டு நூலையே இழுத்துக் கட்டினார். "பொடவைக்குப் போடற நூல புல்லுக்குப் போட்டுகினு இருக்கேன். அப்டியே ஓரத்துல ஜரிகையும் வெச்சிடட்டா சார்?" என்று சிரித்தார்.

சரிவுக்குக் கீழே ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருப்பார். நாற்பது வயதுக்குள் இருக்கும். கணவர் இறந்துவிட்டார், பெண்ணைக் கட்டிக் கொடுத்தாயிற்று, ஆடுகள்தான் பிழைப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நான் சட்டத்தை எறிவதையும் குனிவதையும் வேடிக்கை பார்ப்பார்.

"இன்னா சாரே, காலைலேர்ந்து எண்ணிகினே கீறீங்க? என் ஆட்ட உள்ள வுடுங்க, ஒரே வேளைல எண்ணி முடிச்சிடும்."

"இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்துக்கோம்மா. அப்புறம் உன் ஆட்டுக்குத்தான் எல்லாம்."

"அதுவரைக்கும் அதுங்களுக்கு வேலிய காட்டி சோறு ஊட்டறேன்" என்பார்.

மூன்றாம் வருடம் மழை பொய்த்தது. நான் கடைசி அளவெடுக்கப் போனபோது, சரிவின் அடிப்பகுதியில் ஈரம் தங்கி, புல் அடர்ந்து நின்றது. மேலே போகப் போகத் திட்டுத் திட்டாக மண் தெரிந்தது. உச்சிக்குக் கீழே, நல்ல செங்குத்தான இடத்தில், காய்ந்த தூர்கள்தான் மிச்சம். சாலையிலிருந்து பார்த்தால் இது தெரியாது.

குவாரியின் மேஸ்திரி என்னோடு வந்திருந்தார். என் வயதுக்காரர், கல்லுடைக்கும் வேலையில் ஆரம்பித்து மேஸ்திரி ஆனவர். நான் நடுச்சரிவில் நின்று முதுகைக் காட்டிச் சட்டத்தை எறிந்தேன். வெறும் மண்ணில் விழுந்தது. இன்னொரு முறை எறிந்தேன். மறுபடியும் மண். மூன்றாம் முறை விழுந்த இடத்தில் பாதி மண், பாதி கல். நான் அங்கே போய் நின்று, காலால் அந்தச் சட்டத்தைத் தள்ளினேன். ஒரு கை அகலம்தான். ஓரத்தில் ஒரு புல் தூர் உள்ளே வந்தது. அந்த ஒரு தள்ளல் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு நான் முதுகைக் காட்டி எறியவே இல்லை. சரிவைப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கி, எங்கே புல் அடர்ந்திருந்ததோ அங்கே சட்டத்தை மெதுவாக வைத்தேன். எண்ணியதெல்லாம் சரியாகத்தான் எண்ணினேன். இடம்தான் பொய்.

"மேல போவலயா சார்?" என்று மேஸ்திரி கேட்டார்.

"மேலயும் இதே மாதிரிதானே" என்றேன். வேரையும் பிடுங்கிப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்ற பயம்.

மாவட்ட அலுவலகத்துக்கு அறிக்கை போனது. பச்சை நன்றாகப் பிடித்துவிட்டது, மண் நிற்கும், மேய்ச்சலுக்கு விடலாம் என்று என் கையெழுத்துடன். வேலியை எடுத்தார்கள். ஊரைக் கூட்டி நிலத்தை ஒப்படைத்த அன்று ஒரு பெரியவர், "இத்தினி கல்லு மேல மண்ண கொட்டிகீது. மழைல நிக்குமா?" என்று கேட்டார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"நானே அளந்து பார்த்துட்டேன். தைரியமா ஆட்டை ஏத்துங்க" என்றேன்.

ஆட்டுக்காரப் பெண்தான் முதலில் கையைத் தட்டினார். "சாரு மூணு வருசமா குனிஞ்ச இடுப்பு நிமிராம எண்ணிகீறாரு. அவரு சொன்னா போதும்" என்றார். மறுநாள் முதலில் ஆடு ஏற்றியதும் அவர்தான்.

அடுத்த ஐப்பசியில், முந்தைய வருடம் வராத மழையும் சேர்ந்து வந்தது போலக் கொட்டியது. பாவு ஈரத்தில் இளகிவிடும் என்று எங்கள் தெருவில் தறிகளை நிறுத்திவிட்டார்கள். தறிச் சத்தம் இல்லாத தெருவில் மழைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மண் நனைந்துகொண்டிருக்கிறது, அந்த மேல்சரிவில் அதைப் பிடிக்க ஒன்றும் இல்லை என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

ஒரு நாள் காலை மழை சற்று விட்டது. என் மொபெட்டை எடுத்தேன். "இந்தத் தண்ணியில எங்க கிளம்பிட்டீங்க? தரைப்பாலத்து மேல தண்ணி போவுதாம்" என்று மனைவி மறித்தார். புல்லைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். தரைப்பாலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. வண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்தேன். வழி முழுக்க என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். 'அந்த மண் சரியும், யாரும் ஏறாதீர்கள்.' சொல்வதற்கு எவ்வளவு சின்ன வாக்கியம்! ஆனால் அடுத்த கேள்வி, 'நீங்கதானே சார் நிக்கும்னீங்க?' என்று வரும்.

ஊர் முனையில் டீக்கடை. மழையில் பட்டியில் அடைந்து கிடந்த ஆடுகள் பசியில் கத்துவது கடை வரைக்கும் கேட்டது. அந்தப் பெண் கோணிப்பையைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். கடையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். மேஸ்திரியும் இருந்தார்.

"இன்னிக்கு அந்தச் சரிவுப் பக்கம் போவாதீங்க" என்றேன்.

"ஏன் சாரே?"

இங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "மழைக்குப் பாம்புங்க எல்லாம் வெளிய வந்து புல்லுல கெடக்கும். கண்ணாடிவிரியன். ரெண்டு நாள் போகட்டும்" என்றேன்.

கடையில் சிரிப்பு எழுந்தது. "பாம்பா? சாரே, எங்க வூட்டுக் கூரைல ஒண்ணு குடித்தனமே நடத்துது. அது வேலைய அது பாக்குது, என் வேலைய நான் பாக்கறேன்" என்றார் அவர். கோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். "இதோ இது இருக்குது. நீங்க டீ சாப்டுங்க."

அப்போதும் நான் எழுந்து பின்னால் ஓடவில்லை. அவர் ஆடுகளை ஏரிப் பக்கம் திருப்பியதைப் பார்த்தேன். சரி, நான் சொன்னது ஏதோ ஒரு மூலையில் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். டீ வாங்கிக் குடித்தேன். வெட்கப்படாமல் எழுதுகிறேன்: மனம் லேசானது. உண்மையும் சொல்லவில்லை, ஆபத்தும் போய்விட்டது என்று உள்ளுக்குள் என்னை மெச்சிக்கொண்டேன்.

டம்ளரைக் கீழே வைத்து நிமிர்ந்தபோது, சரிவின் மேல் வெள்ளை வெள்ளையாக ஏதோ நகர்வது தெரிந்தது. ஏரிக்கரை வெள்ளத்தில் இருந்ததால், அவர் பின்பக்கமாகச் சுற்றிச் சரிவிலேயே ஏற்றிவிட்டிருந்தார். புல் நன்றாக இருந்த அடிச்சரிவை ஆடுகள் மேய்ந்துகொண்டே, ஒவ்வொன்றாக மேலே போய்க்கொண்டிருந்தன. பின்னால் அந்தக் கோணிப்பை.

ஓடினேன். எனக்கு அப்போது ஐம்பது கடந்திருந்தது. சேற்றில் செருப்பு போய்விட்டது. சரிவுக்குப் பக்கத்தில் இயற்கையான பாறை மேடு ஒன்று உண்டு, அதில் ஏறி நின்று, "இறங்கு! இறங்கு!" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார். கையை நெற்றியில் வைத்து என்னைக் கண்டுபிடித்து, கோலைத் தூக்கி ஆட்டினார்.

"வந்துச்சின்னா அடிச்சிப் போட்டுடறேன் சாரே! பயப்படாதீங்க!"

அவருக்கு மேலே, உச்சிக்குக் கீழே, மண்ணில் ஒரு கோடு இருந்தது. குறுக்கே, நீளமாக, யாரோ கத்தியால் கீறியது போல. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு வாய் திறந்தது.

"பாம்பு இல்ல! மண்ணு! மண்ணு வருது!" அப்போதுதான் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது.

கொடியில் போட்ட ஈரத்துணி நழுவுவது போலத்தான் இருந்தது. சத்தம் பிறகுதான் கேட்டது. புல்லோடு சேர்ந்து மண் முழுசாக வழுக்கிக்கொண்டு இறங்கியது, அதன் பின்னால் கல். ஆடுகள் சிதறி ஓடின. கோணிப்பை ஒரு கணம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

டீக்கடையில் இருந்தவர்களும், சத்தம் கேட்டுக் குவாரிக் கொட்டகையில் இருந்தவர்களும் ஓடி வந்தார்கள். அவர் உயிரோடு இருந்தார். சரிவின் நடுவில், மார்பு வரைக்கும் மண்ணுக்குள். ஒரு கை வெளியே இருந்தது. கால் மேல கல் கெடக்குது, கால் மேல கல் கெடக்குது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்களில் ஒருவர் கடப்பாரையோடு நேராக ஏறப் போனார். மேஸ்திரி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். மேலே பாதிதான் இறங்கியிருந்தது. மீதிப் பாதி, வீட்டுச் சுவர் உயரத்துக்கு, அந்தப் பெண்ணின் தலைக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி என்னிடம் வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது அவருக்கு.

"சார், நீங்க அளந்த மண்ணு இது. மேல மிச்சம் இருக்கறது நிக்குமா, நிக்காதா? ஆளுங்கள எறக்கட்டுமா? ஜல்தி சொல்லுங்க."

எல்லோரும் நின்றார்கள். நான் 'நிக்கும்' என்று சொன்னால் அவர்கள் எல்லோரும் அதற்கடியில் போவார்கள். 'நிக்காது' என்று சொன்னால் அந்தப் பெண்ணை அப்படியே விட்டுவிட்டு நிற்பார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் அது நான் அறிந்து சொல்வதாக இருக்காது.

"எனக்குத் தெரியாது" என்றேன். "மேல நான் அளக்கவே இல்ல. கீழ மட்டும்தான் சட்டத்தை வெச்சேன். மேல புல்லே இல்லன்னு அப்பவே எனக்குத் தெரியும்."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஆட்களிடம் திரும்பி, "நேரா எவனும் ஏறாத. பாறைப் பக்கமா வா. கவுறு கட்டிகினு மூணு பேரு போதும். கடப்பாரை வேணாம், கையால தோண்டு" என்றார். என்னைப் பாறையின் உச்சிக்குத் தள்ளினார். "நீ இங்க நில்லு. அந்த வெடிப்ப பாரு. கண்ண எடுக்காத. ஒரு கல்லு அசைஞ்சாலும் கத்து."

அதுவரை எனக்கு 'நீங்க' சொன்னவர். அந்த 'நீ' எனக்குச் சரியாகத்தான் பட்டது.

அவரும் இன்னும் இருவரும் இடுப்பில் கயிற்றோடு இறங்கினார்கள். மற்றவர்கள் கயிற்றின் மறுமுனையைப் பாறை மேலிருந்து பிடித்துக்கொண்டார்கள். நான் வெடிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று வருடம் அந்தச் சரிவில் நான் நடந்திருக்கிறேன். அன்றுதான் அதைப் பார்த்தேன். பரப்பிய மண் ஒரு முழம் கூட இல்லை. வெட்டுண்ட ஓரத்தில் வேர்கள் தொங்கின, தாடி மயிர் போல மெல்லிசாக. ஒன்று கூடக் கல்லுக்குள் போகவில்லை. அதன் அடியிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

மழை மறுபடியும் தூறத் தொடங்கியது. கண்ணைத் துடைக்கக்கூட எனக்குப் பயம். கீழே அந்தப் பெண்ணின் குரல் கேட்டது: "ஆடு எல்லாம் வந்துச்சா? எண்ணுங்களேன் யாராச்சும்." ஒருவர், "மொதல்ல நீ வாம்மா, அப்பால ஆட்ட எண்ணலாம்" என்று அதட்டினார்.

ஒரு கல் உருண்டது. "வருது!" என்று கத்தினேன். மூவரும் பாறைப் பக்கம் தாவினார்கள். கயிறுகள் விறைத்தன. அந்தப் பெண் மட்டும் அங்கே தனியாக இருந்தார். ஓடியவர்களைப் பார்த்து, "வுட்டுட்டுப் போவாதீங்க! அண்ணா, போவாதண்ணா!" என்று அவர் கதறியது இன்னும் என் காதில் இருக்கிறது. மண் வரவில்லை. ஒரே ஒரு கல்தான்.

"இன்னாயா பேஜார் பண்றான் இவன்" என்றார் கயிறு பிடித்தவர்களில் ஒருவர். மேஸ்திரி மறுபடி இறங்கிக்கொண்டே, "அவன கத்த வுடு. கத்தறதே நல்லது" என்றார்.

எத்தனை நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. வெடிப்பு ஒரு விரல் அகலம் கூடியது, இன்னொரு விரல் கூடியது. 'அகலுது, அகலுது' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கத்தவா, வேண்டாமா? கத்தினால் அவர்கள் ஓடுவார்கள், அவர் தனியாகக் கிடப்பார். கத்தாவிட்டால் நான்கு பேரும் போவார்கள். கடைசியில் கீழே ஒரு கூச்சல். கல்லைப் புரட்டிவிட்டார்கள். மேஸ்திரி அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். கயிறு இழுத்தவர்கள் பின்னால் சாய்ந்தார்கள். அவர்கள் பாறையைத் தொட்டார்களோ இல்லையோ, நான் கத்துவதற்கு முன்பே மேல்சரிவு முழுவதும் இறங்கியது. அவர் இருந்த இடம் மூடிப்போனது.

அவருக்கு இடது பாதம் நசுங்கிவிட்டது. கல் லாரியிலேயே தரைப்பாலத்தைத் தாண்டி, வேலூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் நின்றது. பாதம் நிற்கவில்லை, முன்பாதியை எடுத்துவிட்டார்கள்.

ஊரில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை என்பதுதான் விசித்திரம். அப்படி ஒரு மழை, யார் என்ன செய்ய முடியும் என்றார்கள். பாம்பு என்று எச்சரித்தேனே என்று என்னைப் பெருமையாகக்கூடப் பேசினார்கள். பாறை மேல் நான் சொன்னதைக் கேட்ட சிலரும் அந்தப் பதற்றத்தில் அதை மறந்துவிட்டார்கள். மேஸ்திரி மறக்கவில்லை, ஆனால் யாரிடமும் சொல்லவும் இல்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

முதலில் மருத்துவமனைக்குப் போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். சட்டத்தைக் காலால் தள்ளியதிலிருந்து டீக்கடையில் சொன்ன பொய் வரைக்கும், ஒன்றையும் விடவில்லை. அவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். புல் விஷயம் அவரை அவ்வளவாகத் தைக்கவில்லை. வேறொன்று தைத்தது.

"பாம்புன்னியே சாரே. மண்ணுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏறியிருப்பேனா?"

"ஏறியிருக்க மாட்டம்மா" என்றேன்.

"எனக்குப் பாம்புக்கு பயம் இல்ல. உனக்குத்தான் எங்களப் பாத்து பயம்" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்து மாவட்ட அலுவலகத்துக்குப் போய், என் அறிக்கை பொய், அதை நீக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். "பழி மழைமேல போகட்டும் சார், இந்த வயசுல ஏன் நீங்களா தலையக் குடுக்கறீங்க?" என்றார். நான் வற்புறுத்தினேன். கல்லூரியில் விசாரணை வந்தது. ஓய்வுபெறும் முன் எனக்கு வரவேண்டிய பொறுப்பு ஒன்று வராமல் போனது. அது நியாயம்தான்.

கடைசியாக ஊரைக் கூட்டச் சொல்லி, அதே இடத்தில் நின்று சொன்னேன். நான் எதிர்பார்த்தது கோபம். கோபம் வந்தது, ஆனால் வேறு காரணத்துக்காக. என் அறிக்கையை நீக்கியதும் மறுபடியும் வேலி வந்தது. சரிவைப் படிபடியாக வெட்டி, முதலிலிருந்து நட வேண்டும். மேய்ச்சல் பல வருடத்துக்கு இல்லை. "பொய் சொல்லி ஒரு கால எடுத்த. இப்ப நெசம் சொல்லி எங்க ஆட்டு வயித்துல அடிக்கற" என்றார் ஒருவர். அவரும் தவறாகச் சொல்லவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகும் சில வருடம் அந்தச் சரிவை நானே அளந்தேன், கூலி இல்லாமல். ஆனால் தனியாக அல்ல. ஊரார் இரண்டு பேர் கூட இருக்க வேண்டும், எங்கே எறிவது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன். முதல் வருடங்களின் எண்கள் கேவலமாக இருந்தன. அப்படியே எழுதிக் கொடுத்தேன். மெதுவாகத்தான் மேலே புல் ஏறியது. ஒரு வருடம் உச்சியில் ஒரு தூரைப் பிடுங்கப் பார்த்தேன், வரவில்லை. வேலியை எடுக்கலாம் என்று அப்போதுதான் எழுதினேன். அதற்குள் அந்த ஊரில் பாதிப் பேர் ஆட்டை விற்றுவிட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணும் விற்றுவிட்டார். நான் இரண்டு ஆடு வாங்கிக் கொண்டுபோய் நின்றபோது, "மேய்க்கறது யாரு, நீயா?" என்று கேட்டுவிட்டு, ஒரு டம்ளர் மோர் கொடுத்து, ஆட்டோடு திருப்பி அனுப்பினார். பட்டு நூல் சுற்றும் வேலைக்கு உட்கார்ந்துவிட்டார், அதற்குக் கால் வேண்டாம்.

சில வருடங்கள் கழித்து ஆரணி பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். நூல் மூட்டையோடு, கோல் ஊன்றி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "நல்லா கீறீங்களா சாரே? எளச்சிப் போயிட்டீங்க" என்று விசாரித்தார். மருமகன், பேரப்பிள்ளை, மழை எல்லாம் பேசினோம். பழைய சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு உள்ளே ஏதோ கரைந்தது. ஒரு பஸ் வந்து நின்றது. அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் பலகையைப் பார்த்து, "இது தேவிகாபுரம்தான்மா, ஏறிக்கோ" என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத ஒரு பள்ளிக்கூடப் பெண்ணிடம், "ஏம்மா, இது தேவிகாபுரம் போவுமா?" என்று கேட்டார். போகும் என்று அந்தப் பெண் சொன்ன பிறகுதான் ஏறினார்.

அவர் என்னைப் புண்படுத்தச் செய்யவில்லை, தன்னையறியாமல் செய்தார் என்று எனக்குத் தெரியும். ஜன்னலிலிருந்து கைகூட அசைத்தார். அவர் என்னை மன்னித்துவிட்டார், ஆனால் என் சொல்லை நம்பி ஓர் அடிகூட எடுத்து வைக்கமாட்டார் என்பதை அந்தப் பஸ் போன பிறகும் அங்கேயே நின்று புரிந்துகொண்டேன். இன்றுவரை யாருக்காவது எதையாவது 'அப்படித்தான்' என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், நானே கண்ணால் பார்த்தேனா என்று ஒருமுறை என்னைக் கேட்டுக்கொள்கிறேன்.